புதன்கிழமை இல்லாத வீடு

துணி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. இதை நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் கிழமை விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஐஸ் ஃபாக்டரியில் கம்ப்ரஸர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் மெக்கானிக்குக்கு என்ன வேலை, உட்கார்ந்து உட்கார்ந்து மனக்கணக்குப் போட்டுப் பழகி, எந்த வருஷத்துத் தேதியைச் சொன்னாலும் கண்ணை மூடித் திறப்பதற்குள் கிழமையைச் சொல்லிவிடுவேன். இந்த வித்தைக்குத் தரங்கம்பாடியில் ஒரு டீ கூட எவனும் வாங்கிக் கொடுத்ததில்லை. ஆனால் கானா நாட்டுக் கரையில், முன்னால் கடலும் பின்னால் உப்பங்கழியுமாக நடுவே ஒரு துண்டு மணலில் கிடக்கிற அக்போனு என்ற ஊரில், அங்கே ஐஸ் ஃபாக்டரி வேலைக்கு வந்த இந்தக் கலியபெருமாளுக்கு ராஜ மரியாதை.

காரணம் இருக்கிறது. அந்த ஊரில் பிறந்த கிழமைதான் பெயர். கிழமைக்கு ஒன்றாகப் பெண்ணுக்கு ஏழு, ஆணுக்கு ஏழு. அப்புறம் சர்ச்சில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று என்று எத்தனை ஒட்டினாலும் அம்மா கூப்பிடுவது கிழமைப் பெயரைத்தான். செவ்வாயில் பிறந்த என்னையும் வந்த மறுநாளே கோம்லா ஆக்கிவிட்டார்கள். பிறந்த தேதி தெரிந்து கிழமை மறந்தவர்கள் என்னைத் தேடி ஃபாக்டரிக்கு வருவார்கள், நானும் சாமியார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்.

அந்த வாயால்தான் யாவா அக்காவிடம் மாட்டிக்கொண்டேன். யாவா அக்கா ஊரிலேயே பெரிய கரைவலைக்குச் சொந்தக்காரி, நாற்பது குடும்பம் அவள் கயிற்றை நம்பிச் சோறு தின்கிறது. அறுபது வயதிலும் தலையில் இரண்டு கூடை மீனோடு கழுத்தை அசைக்காமல் நடப்பாள். யாவா என்றால் வியாழக்கிழமை பிறந்தவள். ஒருநாள் ஐஸ் எடுக்க வந்தவள் பேச்சுவாக்கில் தன் பிறந்த தேதியைச் சொன்னாள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு, மார்ச் பதினாலு. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அக்கா, அது புதன்கிழமையாச்சே!"

"என்ன உளறுறே?"

"புதனேதான். உங்க பேரு யாவா இல்லை, அக்கு."

அக்கா ஐஸ் பெட்டியைத் தரையில் வைத்தாள். "எங்க வீட்டுக்குப் பேர் வைக்க இந்தியாவிலிருந்து ஆள் வரணுமா? தேதியைச் சர்ச்சிலே தப்பா எழுதியிருப்பாங்க. ஐஸைப் போடுடா கோம்லா." ஊரில் அக்கு என்று ஐம்பது பெண்களாவது இருப்பார்கள், அப்படி ஒன்றும் கெட்ட பெயரில்லை. அதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு மாசம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

துணி வந்தபோது அக்கா மறுபடி பேச ஆரம்பித்திருந்தாள். ஆகஸ்ட் மாசம், நெத்திலி கரையோரம் ஒதுங்குகிற ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் பிடித்துக் காய வைப்பதுதான் வருஷம் முழுக்க வீட்டில் சாப்பாடு. கரைவலை எங்கள் ஊர்க் கரைவலையேதான், படகில் போய் அரைவட்டமாக இறக்கிவிட்டு வந்து இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று ஊரே கூடி இழுக்கிற அதே வலை. அதை அவர்கள் வெள்ளைக்காரன் வலை என்கிறார்கள், நாங்கள் எங்கள் பாட்டன் வலை என்கிறோம். சட்டமும் ஒன்றுதான், கயிற்றில் கை வைத்தவர் யாராக இருந்தாலும் பங்கு உண்டு. அக்போனுவில் அதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. கை வைத்துவிட்டால் பங்கை வேண்டாம் என்று சொல்ல முடியாது. மீன் வந்தாலும் பாசி வந்தாலும் உன் பங்கு உன் வாசலில் வந்து விழும்.

அன்றைக்கு நானும் கை வைத்தேன். பாட்டுப் பாடி, மணி அடித்து, குதிகாலை மணலில் ஊன்றி, இரண்டு மணி நேரம் இழுத்த பிறகு கயிறு முடிந்து, வலையின் முதல் பகுதியான கை வர வேண்டிய இடத்தில் துணி வந்தது. நீலக் கட்டம் போட்ட துணி, இரண்டு முழ அகலம், ஓரத்தில் மஞ்சள் கரை. கடலுக்குள்ளிருந்து வருகிற துணி சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து மொடமொடவென்று வந்தது. இழுத்தார்கள், வந்தது. இன்னும் இழுத்தார்கள், இன்னும் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாதிப் பேர் போய் வர, மீதிப் பேர் இழுத்துக்கொண்டே இருந்தார்கள், பொழுது சாயும்போது கரையில் வைக்கோல்போர் உயரத்துக்குக் குவிந்திருந்தது. வலையையும் காணோம், மீனையும் காணோம். அக்கா கயிற்றை முளையில் கட்டிவிட்டு, "நாளைக்குப் பார்க்கலாம்" என்றாள்.

நான் ஒரு முனையை எடுத்து மோந்து பார்த்தேன். அரிசிக் கஞ்சி வாசம். என் மாமனார் வீடு கூறைநாட்டில் தறிக்காரர் வீடு, கல்யாணம் ஆன புதிதில் அந்த வாசத்தில்தான் தூங்கி எழுந்திருக்கிறேன். நெய்வதற்கு முன்னால் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சி! "அடடா, இது எங்க பக்கத்துத் துணி!" என்று கத்தினேன். அவ்வளவுதான், ஊர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டது. கோம்லா ஊர்க்காரர்கள் துணி அனுப்பியிருக்கிறார்கள் என்று ஆளாளுக்கு வந்து கை குலுக்கினார்கள், இளநீர் சீவிக் கொடுத்தார்கள், நானும் ஏதோ நானே நெய்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாங்கிக் குடித்தேன்.

துணி தினமும் வந்தது. ஒரு ஊர் ஒரு அதிசயத்துக்குப் பழக எத்தனை நாள் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? நாலு நாள். ஐந்தாம் நாள் சந்தைக்கு மேலே பந்தலாகக் கட்டினார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார்கள், கோல் போஸ்டுக்குப் பின்னால் பந்து ஓடாமல் தடுக்கக் கட்டினார்கள், மெத்தடிஸ்ட் சர்ச்சில் ஜன்னலுக்குப் போட்டார்கள், அதைப் பார்த்து ரோமன் கத்தோலிக்கக் கோவிலில் மணிக்கூண்டையே சுற்றினார்கள். கஸ்டம்ஸ் ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்து நாள் முழுக்க யோசித்து, படிவத்தில் இறக்குமதி செய்தவர் பெயர் என்ற இடத்தில் கடல் என்று எழுதி, தன் மனைவிக்கு ஆறு முழம் கிழித்துக்கொண்டு போனார். எங்கிருந்து வருகிறது, எப்படி வருகிறது என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

ஆனால் துணியைத் தின்ன முடியாதே. இரண்டு வாரம் போயிற்று. அக்கா துணியை வெட்டிவிட்டு வேறு இடத்தில் வலையை இறக்கிப் பார்த்தாள். வெட்டிய இடத்திலிருந்தே துணி தொடர்ந்து வந்தது. மற்ற வலைக்காரர்களுக்கும் அதே கதி. மீன் காய வைக்கும் பரண்களில் காக்கை கூட உட்காரவில்லை. என் ஐஸ் ஃபாக்டரியில் ஐஸ் எடுக்க ஆளில்லாமல் கம்ப்ரஸரை நிறுத்தினேன். அக்கா தன் வீட்டு மக்காச்சோளத்தை எடுத்து நாற்பது வீட்டுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள், அதுவும் பானையின் அடிக்கு வந்துவிட்டது. நெத்திலிக்கு இன்னும் நாலு வாரம்தான். அது போனால் இந்தக் கூட்டம் பிழைப்பைத் தேடித் திசைக்கொன்றாய்ப் போய்விடும், அப்புறம் வலை இருந்தும் இழுக்க ஆள் இருக்காது.

அப்போதுதான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள், யாரையும் பார்க்காமல், "இந்த மாதிரித் துணியைத்தான் அந்தக் காலத்திலே வெள்ளைக்காரன் கப்பல்லே கொண்டு வந்து இறக்கினானாம். இவ்வளவு துணி இந்தக் கரைக்கு வந்துதுன்னா, இங்கேருந்து என்ன போச்சு?" என்றாள்.

பாட்டு நின்றது. எல்லாத் தலையும் கோட்டைப் பக்கம் திரும்பின.

கோட்டையைப் பற்றிச் சொல்லவில்லை, இல்லையா? ஊர்க்காரர்களும் சொல்வதில்லை. ஊரின் கிழக்குக் கோடியில் டேனிஷ்காரன் கட்டிய கோட்டை, பாதி கடலுக்குள் விழுந்து கிடக்கிறது, மீதியில் ஆடு மேய்கிறது. எங்கள் தரங்கம்பாடியிலும் டேனிஷ்காரன் கோட்டை இருக்கிறது, அதனால்தான் வந்த முதல் வாரமே ஆசையாகப் போய்ப் பார்த்தேன். அதன் சாவி யாவா அக்காவின் அண்ணன் கோஜோவிடம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அந்தச் சாவி அவர்கள் வீட்டில்தான், ஊரில் அந்த வீட்டுக்கு மரியாதையே அந்தச் சாவியால்தான். கீழே காற்று நுழையாத ஓர் அறை, கடல் பக்கம் ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்குச் சின்ன வாசல். "இங்கே என்ன வெச்சிருந்தாங்க?" என்று கேட்டதற்கு, "மிளகு" என்றார் கோஜோ. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் எனக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள், மிளகுக்கு வந்தான் என்று. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

இப்போது கோஜோ வேட்டி மாதிரிக் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டு, "மிளகு போச்சு" என்றார்.

"இவ்வளவு துணிக்குமா, எஃபோ?" என்றாள் அக்கா. எஃபோ என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். "ஒரு மிளகுச் செடியாவது இந்த ஊர் மணல்லே நீ பார்த்திருக்கியா?"

 கயிற்றில் அக்காவுக்குப் பின்னால் நின்ற ஒரு பெண், பெயர் அஃபி, மீன் சுடுகிறவள், தாழ்ந்த குரலில் சொன்னாள்: "எங்க வீட்டிலிருந்து ரெண்டு பேர் போனாங்க. இரட்டைப் பிள்ளைங்க. எங்கம்மா ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கா." சொன்னதும் மஞ்சள் கரை போட்ட துணி முடிந்தது. முடிந்த இடத்தில் முடிச்சுப் போட்டுப் பச்சைக் கரை போட்ட துணி தொடங்கியது.

அதற்கப்புறம் நான் என்னத்தைச் சொல்வது! போனது மிளகு இல்லை, ஆட்கள்; துணிக்கு விலையாக அடிமைகளாய்க் கப்பலேற்றப்பட்டவர்களை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி போனான், சண்டை போட்டதற்காக. எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கொடுத்தோம். எங்கள் ஆளைப் பக்கத்து ஊர்க்காரன் பிடித்துக் கொடுத்தான், நாங்கள் அவன் ஆளைப் பிடித்துக் கொடுத்தோம். சொல்லச் சொல்ல ஒவ்வொரு துணியும் முடிந்தது, ஊதாக் கரை முடிந்தது, கறுப்புக் கரை முடிந்தது, வெள்ளைக் கரை முடிந்தது; அழுதுகொண்டே இழுத்தார்கள், இழுத்துக்கொண்டே சொன்னார்கள், இத்தனை காலமும் இவ்வளவையும் வாயில் அடக்கிக்கொண்டா இவர்கள் எனக்குக் காலை வணக்கம் சொன்னார்கள் என்று எனக்கு மலைப்பாக இருந்தது. நானோ அதற்கு இளநீர் வேறு வாங்கிக் குடித்திருந்தேன். அந்தத் துணியை நெஞ்சோடு அணைத்து, எங்கள் துணி, எங்கள் துணி என்று ஊரைக் கூட்டியவன் நான்தானே.

கடைசியாகச் சிவப்புக் கரை போட்ட துணி வந்தது. அது மட்டும் முடியவில்லை. ஒன்பது நாள் வந்தது. நாற்பது வீடும் சொல்லியாயிற்று, மிச்சம் இருந்தது ஒரே வீடு. யாரும் வாய் திறந்து கேட்கவில்லை, ஆனால் இழுக்கிற நேரமெல்லாம் எல்லோர் கண்ணும் யாவா அக்காவின் முதுகில் இருந்தது. இதற்குள் மூன்று குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டன.

பத்தாம் நாள் காலையில் அக்கா அண்ணனைக் கரைக்குக் கூப்பிட்டாள். எல்லோர் முன்னாலும் கேட்டாள். "எஃபோ, நம்ம வீட்டிலேருந்து யார் போனது?"

"நம்ம வீட்டிலே யாரும் போகலை. நாம சாவி வெச்சிருந்த வீடு."

"சாவி வெச்சிருந்தவங்க வீட்டிலேருந்தா போகாம இருக்கும்?"

"யாவா, சாவியைப் பார்த்துத்தான் இந்த ஊர் நமக்கு நாற்காலி போடுது. அதை நீயே உடைக்காதே."  கெட்ட மனுஷர் இல்லை அவர். பஸ் ஏறிய மூன்று குடும்பங்களுக்கும் தன் கையால் சோறு கட்டிக் கொடுத்தவர்.

"நாற்காலியிலே நீ உட்கார்ந்துக்கோ. எனக்கு என் ஆளுங்க வேணும்."

அக்கா கயிற்றில் கை வைத்தாள். "எங்க வீட்டிலிருந்தும் ஒருத்தர் போனாங்க" என்று உரக்கச் சொன்னாள். துணி வந்துகொண்டே இருந்தது. இன்னார் என்று தெரியாமல் சொன்னால் போதவில்லை போல. அக்கா தளர்ந்துபோய் மணலில் உட்கார்ந்தாள், பக்கத்தில் அஃபி வந்து உட்கார்ந்தாள்.

"பேர் தெரியலைன்னா என்ன, இருக்கிறதே ஏழு பேரு. போனது பொண்ணுன்னா ஏழையும் சொல்லிக் கூப்பிடு, ஒண்ணு அவளோடதா இருக்கும்" என்றாள் அஃபி.

அக்கா விரலை மடக்கினாள். தன் வீட்டுப் பெண்களின் பெயர்களையே ஒவ்வொன்றாகச் சொன்னாள். அஜோ, என் அத்தை. அப்லா, என் மகள். யாவா, நான். அஃபி, இவ இல்லை, என் தங்கை. அமா, என் பேத்தி. அகோசிவா, என் அம்மா. ஆறு விரல் மடங்கியது. ஏழாவது விரல் நின்றது.

"அக்கு" என்றாள். பிறகு மெதுவாக, "எஃபோ, நம்ம வீட்டிலே அக்குன்னு ஏன் ஒருத்தி கூட இல்லை?"

"நம்ம வீட்டிலே புதன்கிழமை பொண்ணு பிறக்கிறதில்லை" என்றார் கோஜோ.

அதைச் சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டுவிட்டது. கிழமை எல்லா வீட்டுக்கும்தானே வருகிறது. வலைக்காரி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கோஜோ மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சாவியைக் கையிலே குடுத்தப்போ அப்பா சொன்னார். புதன்லே பொண்ணு பிறந்தா மறுநாள் பேரை வை, அந்தப் பேரை மட்டும் இந்த வீட்டுக்குள்ளே கூப்பிடாதே, காரணம் கேட்காதேன்னார். நான் கேட்கலை. அப்பாவும் அவர் அப்பாகிட்டே கேட்டிருக்க மாட்டார்."

பாவிகள், பெண்ணைக் கொடுத்துவிட்டு அவள் பெயர் காதில் விழுவதைத் தாங்க முடியாமல் வாரத்தில் ஒரு நாளையே வீட்டை விட்டுத் துரத்தியிருக்கிறார்கள். மறக்க வேண்டும் என்று அவர்கள் காலியாக விட்ட அந்த ஒரு கிழமைதான் இத்தனை தலைமுறையாக அவள் பெயரைப் பத்திரமாக வைத்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கோம்லா, இங்கே வா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு, மார்ச் பதினாலு. என்ன கிழமை?"

கேட்காமலே சொல்கிறவன் நான். அன்றைக்கு முதல்தடவையாக விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அவள் காத்திருந்தாள்.

"புதன், அக்கா."

அக்கா எழுந்து மணலைத் தட்டிவிட்டு, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, கடலைப் பார்த்து நின்றாள். "எங்க வீட்டிலிருந்து அக்கு போனா. நாங்கதான் கொடுத்தோம், எங்க கையாலே பூட்டைத் திறந்து கொடுத்தோம். கொடுத்துட்டு அவ பேரையும் எடுத்துட்டோம். அந்தப் பேர் எனக்கு வர வேண்டியது. நான் யாவா இல்லை. என் பேர் அக்கு."

சிவப்புக் கரை முடிந்தது. அடுத்த இழுப்பில் வலையின் கை வந்தது, அதன் பின்னால் வலை, வலையின் மடியில் நெத்திலி, மணல் தெரியாத அளவுக்கு நெத்திலி. ஒருவரும் ஆரவாரம் செய்யவில்லை. கூடை கொண்டு வந்து அள்ளினார்கள், நான் ஓடிப்போய்க் கம்ப்ரஸரைப் போட்டேன்.

மறுநாள் பங்கு பிரித்தார்கள், மீனை மட்டுமல்ல, சிவப்புக் கரைத் துணியையும். கயிற்றில் கை வைத்த எல்லோருக்கும் ஆளுக்கு நாலு முழம். கோஜோவுக்கும் ஒரு பங்கு. அவர் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்க் கோட்டையைத் திறந்து வைத்தார், அதற்கப்புறம் வந்து கேட்கிற யாருக்கும் அவர் மிளகு என்று சொல்லவில்லை. என் பங்கு என் வாசலில் வந்து விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன்.

"எனக்கு எதுக்கு? எங்க ஆளுங்க நெய்யத்தானே நெய்தாங்க, அது எங்கே போகுதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கயிறு பிடிச்சியா, இல்லையா?"

பிடித்தேன். துணியை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் ஐஸ் எடுக்க வந்தவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. யாவா அக்கா என்றேன், திரும்பவில்லை. அக்கு அக்கா என்றேன், வாயில் இடித்தது. ஆனால் உடனே "ஓய்" என்று பதில் வந்தது, இரண்டு குரலில், ஒன்று அக்காவுடையது, இன்னொன்று சின்னப் பெண்ணின் குரல், கடல் பக்கத்திலிருந்து. அக்கா கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, நாலு பெட்டி ஐஸ் கேட்டாள். இப்போது ஊரில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது, யார் கூப்பிட்டாலும் இரண்டு குரல்தான்.

என் பங்கு நாலு முழத்தையும் பார்சல் கட்டி ஊருக்கு அனுப்பினேன். என் வீட்டுக்காரி தையல்நாயகி பிரித்துப் பார்த்துவிட்டு அன்றைக்கே போன் போட்டாள்.

"ஏங்க, இது நம்ம தறித் துணி மாதிரியே இருக்கே! ஓரத்தைப் பார்த்தாலே தெரியுது, கஞ்சி வாசம் கூடப் போகலை. அங்கே போயா இதை வாங்கினீங்க? என்ன விலை குடுத்தீங்க?"

 "அக்கு" என்றேன்.

"அக்குவா? அது அந்த ஊர்க் காசா?"

"இல்லை. ஒரு பொண்ணு பேரு."

 துணியை அவள் மடியிலிருந்து எடுத்து எங்கோ வைக்கிற ஓசை மட்டும் கேட்டது. பிறகு கேட்டாள்: "அந்தப் பொண்ணு இப்ப எங்கேங்க?"

"கூப்பிட்டா குரல் கொடுக்கிறா" என்றேன்.